மதில் பணம்

வரி தண்டுகிறவனை உலகத்தில் யாரும் நேசித்ததில்லை. சர்க்கார் வரியானால் வைதுகொண்டே கட்டிவிடுகிறோம். ஊர்ப் பொதுவுக்கென்று போடும் வரி இருக்கிறதே, அதைக் கட்டாமலும் இருக்கலாம், தண்டுகிறவன் மேல் சந்தேகமும் படலாம். இந்தச் சங்கதியை நான் தெரிந்துகொண்டது எங்கள் வீட்டுத் திண்ணையில்.

ஆனைக்குட்டத்தில் நான் எட்டாம் வகுப்புப் படித்த வருஷம், ஐப்பசி மழையில் அம்மன் கோயில் மதில் விழுந்துவிட்டது. ஊர் கூடித் தலைக்கட்டு வரி போட்டார்கள். வசூலிக்கும் பொறுப்பு என் தகப்பனாரிடம் வந்தது. கையெழுத்து அழகாக இருக்கும் என்பதைத் தவிர அவருக்கு வேறு தகுதி இருந்ததாகத் தெரியவில்லை. தீபாவளி கழிந்த சமயம். பட்டாசு ஆபீஸ்களில் வேலை இல்லை. மதில் மூன்று பக்கம் எழும்பியது. நான்காவது பக்கம் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது.

“மதிலுக்குள்ள ஆடு மேயுது, மதில் பணத்த யாரு மேஞ்சாங்களோ!” என்றார் டீக்கடையில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு ஓடிவந்து, “மீதிப் பணம் எங்கப்பா?” என்று கேட்டேன். தகப்பனார் என்னைச் சற்று நேரம் பார்த்தார். “கணக்கு இருக்குய்யா” என்றார். அவ்வளவுதான்.

வெகு காலத்துக்குப் பிறகு, ஒரு நாவலுக்காகக் கோட்டைகளைப் பற்றிப் படித்தபோது இங்கிலாந்தின் மதில் வரி கண்ணில் பட்டது. ஊர் மதிலைப் பழுதுபார்க்க ராஜா உதவினார் என்று பெயர். பெரும்பாலும் அவர் கொடுத்தது காசு அல்ல, அனுமதி. 1220 வாக்கில், மூன்றாம் ஹென்றி காலத்தில், இந்த வழக்கம் தொடங்கியது. ஊருக்குள் விற்க வரும் தோல், உப்பு, மீன், திராட்சை மது இவற்றின் மேல், பாரத்துக்கு இவ்வளவு என்று சில வருஷங்களுக்கு வசூலித்துக்கொள்ளலாம். அனுமதித்ததற்கு மேல் வாங்கும் ஊர் அந்த உரிமையையே இழக்கும் என்று 1275-ல் சட்டமே போட்டார்கள். சட்டம் வந்ததென்றால் ஊர்கள் எப்படி நடந்துகொண்டன என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 1338-ல் பிரெஞ்சுக்காரர்கள் சௌதாம்ப்டனில் புகுந்து கொள்ளையிட்டபோது, பல்லாண்டுகள் மதில் வரி தண்டியிருந்த அந்தத் துறைமுகத்துக்குக் கடல் பக்கம் சரியான மதில் இல்லை!

அவ்வளவு தூரம் போவானேன்? ஹைதர் அலியின் குதிரைப்படை 1767-லும் 1769-லும் வந்து மிரட்டிய பிறகு, கும்பினியார் சென்னையில் கறுப்பர் நகரத்துக்கு மதில் எழுப்பினார்கள். செலவைக் குடிகள் தலையில் வரியாகப் போட எண்ணினார்கள். அந்த வரி வசூலாகவே இல்லை. பெயர் மட்டும் சென்ட்ரல் ஸ்டேஷன் அருகே வால்டாக்ஸ் ரோடாக நிலைத்துவிட்டது.

எங்கள் விருதுநகர்ச் சீமை நாடார் வியாபாரிகள் எந்த ராஜாவின் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. சரக்குக்கு இவ்வளவு என்று தாங்களே மகமை எடுத்து வைத்தார்கள். வண்டியும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்கப் பேட்டைகள் எழுந்தன; பின்னால் பள்ளிக்கூடங்களும் எழுந்தன. கணக்கின் மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் இதெல்லாம் நடந்திருக்குமா?

தகப்பனார் காலமான பிறகு அவருடைய பெட்டியில் அந்த நோட்டுக் கிடைத்தது. வரவு, செங்கல், சுண்ணாம்பு, கொத்தனார் கூலி எல்லாம் பைசா சுத்தமாக இருந்தன. கொடுக்காதவர்கள் பெயருக்கு நேராக ‘பாக்கி’ என்று அவர் எழுதவில்லை. ‘பிறகு’ என்று எழுதியிருந்தார். நாற்பத்தொரு ‘பிறகு’. அதில் ஒன்று, டீக்கடையில் பேசிய அந்த மனிதருடையது.

நோட்டை விரித்திருந்தால் ஒரு நிமிஷத்தில் அவப்பெயர் தீர்ந்திருக்கும். நாற்பத்தொரு வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதும் ஊருக்குத் தெரிந்திருக்கும். அவர் விரிக்கவில்லை.

சென்ற ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தேன். நான்காவது பக்கம் இன்னும் முழங்கால் உயரந்தான். அதன்மேல் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், “ஒங்க அப்பா காலத்து மதில்தாம்ப்பா” என்று சொல்லிச் சிரித்தார். நோட்டு என் பைக்குள் இருந்தது.

நானும் அதை எடுக்கவில்லை.