மங்குக்கு மருந்து

பெப்ரவரி 3, 2025

பதுளை பெரியாஸ்பத்திரி தோல் கிளினிக்கில் பகல் வரை சனம். என் கன்னத்து மங்குக்கு மெலாஸ்மா என்று பெயராம். வெயில், பிள்ளைப்பேறு, கருத்தடை மாத்திரை எல்லாம் அதைக் கிளப்பும். நான்கு வீத ஹைட்ரோகுவினோன் கிறீம் எழுதித் தந்தார் டொக்டர். “உங்கட சொந்த நிறம் எதுவோ, அதுவரைக்கும்தான் இது கொண்டுபோகும்” என்றார். அந்தச் சொல் எனக்குப் பிடித்தது.

பெப்ரவரி 4

முன்கையின் உட்பக்கம் கொஞ்சம் பூசி ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் போக வேண்டும். பிறகு இரவில் மட்டும், கழுவித் துடைத்த முகத்தில், மங்கு உள்ள இடத்தில் மட்டும் மெல்லிசாக. கண், உதட்டோரம் படக்கூடாது.

தோலில் நிறமி செய்யும் கலங்களுக்கு டைரோசினேஸ் என்ற நொதியம் வேண்டும். மருந்து அதை மறிக்கிறது. புதிய நிறமி குறைகிறது. ஏற்கெனவே மேலே வந்துவிட்ட நிறமி பழைய தோலோடு உதிர வேண்டும். அதற்கு நாலு, ஆறு கிழமை பிடிக்கும்.

பெப்ரவரி 19

லேசான எரிச்சல், அவ்வளவுதான். வீங்கினால் நிறுத்திவிட்டு வரச் சொல்லியிருக்கிறார் டொக்டர்.

காலையில் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத வெயில் கிறீம் பூசாவிட்டால் இரவில் பூசுவது வீண். வெளியில் நின்றால் இரண்டு மணிக்கொரு தடவை திரும்பப் பூச வேண்டும். தெமோதரை மலையில் பகல் முழுக்கக் கொழுந்தெடுக்கிற பெண்களுக்குத்தான் மங்கு அதிகம். தோட்டத்து நாட்சம்பளம் 1350 ரூபாய். நான் வாங்கிய சின்னக் குழாய் அதற்கும் மேலே. அவர்களுக்குத் தலைத்துண்டும் அகல விளிம்புத் தொப்பியும்தான் கதி. மருந்தை இலவசமாகத் தருகிற நாடு வெயில் கிறீமையும் தர வேண்டும்.

மார்ச் 8

மேல் லயத்துப் பிள்ளை வந்தாள். வைகாசியில் கலியாணம். “பத்து நாள்ல வெளுத்துட்டேன் அக்கா” என்றாள் முதலில், பிறகு அழுதாள். கன்னமெல்லாம் சிவந்து, நூல் நூலாக நரம்பு தெரிகிறது, பொரிப்பொரியாகப் பருக்கள், வெயிலில் நிற்க முடியவில்லை. சந்தையில் வாங்கிய டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை.

பத்து நாளில் முகம் முழுக்க வெளுத்தால் கடுமையான ஸ்டெரொய்டோ பாதரசமோ இருக்கலாம். பாதரசமும் அதே நொதியத்தைத்தான் பிடிக்கிறது, அதில் இருக்கும் செம்பின் இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு. ஆனால் தோல் வழியே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். துவாய், தலையணை வழியே வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒட்டும். இலங்கையும் சேர்ந்திருக்கும் மினமாட்டா உடன்படிக்கை பாதரசம் சேர்த்த அழகுக் கிறீம்களை விலக்கியிருக்கிறது. இருந்தும் அந்த டப்பா இந்த மலைக்கு ஏறி வந்திருக்கிறது. கலியாணத்துக்கு வெளுக்கச் சொல்லி இந்தப் பிள்ளையை நெருக்கியவர்கள் மேல்தான் எனக்குக் கூடுதல் கோபம். அவள் நிறத்துக்கு ஒரு குறையும் இல்லை.

மார்ச் 23

என் மங்கு ஓரங்களில் மங்கி வருகிறது. மூன்று, நான்கு மாதத்தில் ஹைட்ரோகுவினோனை நிறுத்திவிட வேண்டும். வருடக்கணக்காகப் பூசினால் தோல் நீலக்கறுப்பாக மாறலாம், அதைத் தீர்ப்பது பெரும்பாடு. பிறகு தேவையென்றால் அசெலாயிக் அமிலம்; கர்ப்பிணிகளுக்கும் பெரும்பாலும் அதைத்தான் கொடுக்கிறார்கள், ஹைட்ரோகுவினோன் அவர்களுக்கு வேண்டாம்.

அந்தப் பிள்ளை டப்பாவை விட்டதும் முகம் இன்னும் பொங்கிவிட்டது. ஸ்டெரொய்டு என்றால் அப்படித்தான் ஆகும், பயந்து மறுபடி பூசாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். நாளைக் காலை பஸ்ஸில் அவளும் என்னோடு கிளினிக்குக்கு வருகிறாள். டப்பாவைக் கழுவாமல், மூடியோடு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். சிறுநீரில் பாதரசம் பார்க்க வேண்டுமா என்று டொக்டரிடம் கேட்க வேண்டும்.