வாட்டம் பார்க்கும் கைகள்

ராயபுரத்தில் தொடங்கி, காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை கடலை ஒட்டி நீளும் வடசென்னைப் பகுதியில், வீட்டின் மற்ற அறைகளைவிடச் சமையலறையே விரைவாக மூப்படைகிறது. கடற்காற்று சுமந்துவரும் உப்பும், அனல்மின் நிலையங்களும் தொழிற்சாலைகளும் வெளியிடும் நுண்துகளும், ஆழ்துளைக் குழாய் நீரின் உவர்ப்பும் அடுப்பின் வெப்பத்தோடும் தாளிப்புப் புகையோடும் ஒன்றுகூடும் இடம் அதுவே என்பதால், வேறோர் ஊரில் பத்து ஆண்டுகளில் நிகழக்கூடிய தேய்மானம் இங்குச் சில ஆண்டுகளிலேயே கண்ணுக்குப் புலப்பட்டுவிடுகிறது. ஆகவே சமையலறையைப் புதுப்பித்தலும் அதன் கருவிகளைத் துப்புரவாக வைத்திருத்தலும் இங்கு இரு வேறு வேலைகளாக இருப்பதில்லை. முன்னதை ஒரு முறை செய்து முடிக்கும் கட்டுமானமாகவும் பின்னதை அன்றாட வீட்டு வேலையாகவும் பிரித்துப் பார்க்கும் வழக்கம், இரண்டுக்கும் பொதுவான கைத்திறனை மறைத்துவிடுகிறது. அத்திறனை உடைய கொத்தனார், சித்தாள், தச்சர், அடுப்பும் மிக்ஸியும் பழுதுபார்ப்போர் ஆகியோர் வேலை செய்யும் இடங்களிலேயே அவர்களின் முறைகளைக் கவனித்து எழுதப்பட்டது இக்கட்டுரை.

புதுப்பித்தலின் முதல் நாள் எப்போதும் உடைப்பு நாளாகவே அமைகிறது. பழைய மேடையைப் பெயர்த்தவுடன் கொத்தனார் அண்ணாந்து கூரையையே முதலில் பார்க்கிறார். சுத்தியலின் பிடியால் ஆங்காங்கே தட்டி, எழும் ஓசை கணீரென்று இருக்கிறதா, உள்ளே பொள்ளலாக ஒலிக்கிறதா என்று கேட்கிறார். கடல்நீரின் குளோரைடு உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே நுழைந்து உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும்போது, துரு தன் மூல இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கம்பிக்குக் கீழுள்ள பூச்சு உப்பி, பொரிந்து, இறுதியில் பாளமாக விழுகிறது. சமையலறையின் நீராவி இதனை விரைவுபடுத்துகிறது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட பகுதி இடிந்து விழுந்தபோது, விரிசலைக் கண்ட குடியிருப்போர் முன்கூட்டியே வெளியேறியிருந்ததால் உயிரிழப்பு நேரவில்லை. அந்நிகழ்வுக்குப் பின் விரிசலை வெறும் சுண்ணாம்பு அடித்து மறைக்கும் மேற்பூச்சுக் குறையாகக் கருதுவது எளிதாக இல்லை. பொரிந்த இடத்தைக் கொத்தி எடுத்து, கம்பியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்த பின்னரே மறுபூச்சு செய்ய வேண்டும் என்பதைக் கொத்தனார்கள் வலியுறுத்துகின்றனர்; அதற்கு ஆகும் கூடுதல் இரு நாட்களின் கூலியைக் குறைக்கச் சொல்லும் வீட்டுக்காரருக்கு அவர்கள் இணங்காமல் நிற்பது தொழில் நேர்மையின் அடையாளமாகவே கொள்ளத்தக்கது.

இங்கு ஒரு முரண் குறிப்பிடத்தக்கது. 1970 முதல் 2017 வரை இயங்கிய எண்ணூர் அனல்மின் நிலையமும், 1994 முதல் இயங்கிவரும் வடசென்னை அனல்மின் நிலையமும் எரித்த நிலக்கரியின் எச்சமே, கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தைத் தூர்த்து மீனவர்களின் வாழ்வாதாரத்தைக் குலைத்த உலர்சாம்பல். வீட்டு மேடைகளிலும் சன்னல் விளிம்புகளிலும் நாள்தோறும் துடைத்தெடுக்கப்படும் சாம்பல்நிறத் தூசியிலும் அதற்குப் பங்குண்டு. ஆனால் அதே உலர்சாம்பல் சிமெண்டோடு உரிய அளவில் சேர்க்கப்படும்போது, சிமெண்டு இறுகுகையில் வெளிப்படும் சுண்ணாம்போடு வினைபுரிந்து நுண்துளைகளை அடைத்து, உப்பு உட்புகுவதைத் தடுக்கிறது. 'பொசலானா சிமெண்டு' என்று மூட்டையில் அச்சிடப்படுவது இவ்வகையே. காற்றில் வந்தால் மூச்சை அடைக்கும் பொருள், மூட்டையில் வந்தால் சுவரைக் காக்கிறது. அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை உரிய காலத்தில் தீர்மானித்திருந்தால், ஆற்றுக்கும் வீட்டுக்கும் நேர்ந்த தீங்கில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

மேடை அமைப்பதில் கொத்தனாரின் திறன் ஒரே சொல்லில் அடங்குகிறது. 'வாட்டம்' என்பது நீர் தேங்காமல் வடிகாலை நோக்கி ஓடுவதற்கு ஏற்ப அமைக்கப்படும் மென்சாய்வு. ரசமட்டத்தின் கண்ணாடிக் குழாயிலுள்ள குமிழி நடுவே நின்றால் பரப்பு சமமாக இருக்கிறது என்று பொருள். ஆனால் சமையல் மேடையில் குமிழி சிறிதளவு விலகியே நிற்க வேண்டும், அதுவும் சிங்க் தொட்டிக்கு எதிர்ப்பக்கமாக. வாட்டம் மிகுந்தால் அடுப்பு சாய்ந்து, வாணலியில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கும். குறைந்தால் மேடைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இணைப்பில் நீர் தேங்கி, அங்கிருந்து கறுப்புப் பூஞ்சையும் கரப்பானும் தொடங்கும். மீன் ஆயும் வீடுகளில் இது இன்னும் கடுமையாகிறது. வஞ்சிரமோ சங்கராவோ ஆய்ந்த பின் செதிலும் குருதியும் கலந்த நீர் ஒரு மூலையில் நின்றுவிட்டால், எத்தனை முறை கழுவினாலும் வாடை போவதில்லை. காசிமேட்டை அடுத்த மீனவக் குடியிருப்புகளில் பல குடும்பங்கள் மீன் ஆய்வதற்கென்றே வாசலிலோ பின்கட்டிலோ தனிக் கல் ஒன்றை வைத்திருப்பது இடநெருக்கடியால் நேர்ந்ததாகத் தோன்றினாலும், உண்மையில் அது நல்ல திட்டமிடல்; புதிதாகச் சமையலறை வரைவோர் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம்.

மேடைக்கும் அடுக்குக்கும் எந்தக் கல், எந்தப் பலகை என்பதில் கடைத்தெருவின் அறிவுரையும் தொழிலாளரின் அறிவுரையும் பெரும்பாலும் ஒன்றுபடுவதில்லை. ஆயத்த அலமாரிகளோடு கூடிய 'மாடுலர் கிச்சன்' விளம்பரப் படங்களில் அழகாகத் தோன்றினாலும், மரத்தூளை அழுத்திச் செய்த மலிவான பலகைகள் ஈரம் பட்டவுடன் ஊதிப் பெருக்கின்றன; அவற்றின் இரும்புக் கீல்களும் இழுப்பறைச் சேனல்களும் உப்புக் காற்றில் விரைவில் இறுகிவிடுகின்றன. கொதிநீரையும் தாங்கும் பசையால் ஒட்டிய ஒட்டுப்பலகை நிலைக்கும். விலையோ சிறு குடும்பத்துக்கு எட்டாதது. முந்தைய தலைமுறையின் கடப்பா கல் அடுக்கு துருப்பிடிக்காது, கரையான் அரிக்காது, வெள்ளம் வந்து போனாலும் கழுவிவிட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும் என்பதால் இக்கடற்கரைக்கு அதுவே பொருத்தமானது என்று தச்சர்களே தம் தொழிலுக்கு எதிராகச் சொல்லும் அளவுக்கு அதன் தகுதி உறுதியானது. ஆனால் கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் அதன்மேல் நின்றால் மெருகு அரிக்கப்பட்டு வெளிறிய தடம் விழும். கிரானைட் கல்லுக்கு இக்குறை இல்லை.

சுவர் ஓடு ஒட்டும் வேலையின் முடிவில் நிகழும் ஒரு தவறு, புதிய சமையலறைக்கு முதல் நாளிலேயே ஊறு செய்வதால், விரிவாகச் சொல்லத்தக்கது. ஓடுகளின்மேல் படிந்த சிமெண்டுக் கறையை நீக்க 'ஆசிட்' என்று கடைகளில் விற்கப்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றித் தேய்ப்பது பரவலான வழக்கம். கறை நொடியில் போய்விடுகிறது. ஆனால் அதன் ஆவி மூடிய அறையில் சூழ்ந்து, புதிதாகப் பொருத்திய எவர்சில்வர் தொட்டியையும் குழாயையும் கீல்களையும் தாக்குகிறது. எவர்சில்வர் எனப்படுவது குரோமியம் கலந்த எஃகு. அதன் மேற்பரப்பில் தானாக உருவாகும் குரோமியம் ஆக்சைடுப் படலமே துருவைத் தடுக்கிறது. குளோரைடு அப்படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைத்துக் குழித்துருவை உண்டாக்குகிறது. சில வாரங்களில் தொட்டியில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும்போது வீட்டார் தொட்டியின் தரத்தையே குறைகூறுகின்றனர். கறை ஈரமாக இருக்கும்போதே சாக்குத்துணியால் துடைத்துவிட்டால் அமிலமே தேவைப்படாது என்பதும், அத்துடைப்பைச் செய்பவர் பெரும்பாலும் சித்தாளாக வேலைக்கு வரும் பெண் என்பதும் களத்தில் தெளிவாகத் தெரிகின்றன. வேலையின் ஆயுளை நீட்டிக்கும் செயலைச் செய்பவருக்கே கூலி குறைவு என்பது நெடுங்காலமாகத் திருத்தப்படாத அநீதி. அமிலத்தோடு பிளீச்சிங் பவுடர் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு எழும் என்பதையும் இத்தொழிலில் புதிதாகச் சேரும் இளைஞர்களுக்குச் சொல்லித் தருவது கட்டாயம்.

கருவிகளின் பக்கம் திரும்பினால், தெருத்தெருவாக 'கேஸ் அடுப்பு ரிப்பேர், குக்கர் ரிப்பேர், மிக்ஸி ரிப்பேர்' என்று குரல் கொடுத்தோ, பதிவு செய்த ஒலியை ஒலிபெருக்கியில் விட்டோ வரும் பழுதுபார்ப்போரே இப்பகுதிச் சமையலறைகளின் உண்மையான மருத்துவர்கள். இவர்களின் தொழில் மண்ணெண்ணெய்க் காலத்திலிருந்து தொடர்வது. பம்ப் ஸ்டவ்வின் நுண்துளையைப் பின் கொண்டு குத்தித் திறந்த கை, எரிவாயு அடுப்புக்கு மாறியது. மாநில அரசு 2011 செப்டம்பர் 15 முதல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையின்றி வழங்கத் தொடங்கிய பின், மின்கருவிகளும் அதே பைக்குள் வந்து சேர்ந்தன. இயந்திரத் தொழிற்சாலைகள் நிறைந்த திருவொற்றியூரில் மூத்த பழுதுபார்ப்போரிடம் ஆலை பிட்டர்களுக்குரிய ஒழுங்கைக் காண முடிகிறது: கழற்றிய திருகுகள் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியின்மேல் அடுக்கப்படுகின்றன, மறுபடி பூட்டும்போது ஒன்றும் மிஞ்சுவதில்லை.

அடுப்பை அவர்கள் சுடரின் நிறத்தால் அறிகின்றனர். நீலச் சுடர் முழுமையான எரிதலையும், மஞ்சள் சுடர் காற்றுப் போதாமையையும் காட்டுகின்றன. பாத்திரத்தின் அடியில் கரி பிடிப்பது பின்னதன் விளைவு. பித்தளை பர்னரைப் புளி கரைத்த வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்து, ஒவ்வொரு துளையையும் ஊசியால் திறந்து, ஈரம் முழுவதும் உலர்ந்த பின்னரே பொருத்த வேண்டும். ஆனால் வாயு வெளிவரும் ஜெட் எனும் சிறு பித்தளைத் துண்டின் துளையில் அதே ஊசியை அழுத்தினால் துளை அகன்று, வாயு மிகுந்து, சுடர் நிரந்தரமாக மஞ்சளாகிவிடும். எங்கே குத்த வேண்டும், எங்கே குத்தக் கூடாது என்ற இவ்வேறுபாடே தேர்ந்தவரையும் தேராதவரையும் பிரிக்கிறது. கசிவைச் சோதிக்கத் தீக்குச்சியை அண்ட விடாமல் சோப்பு நுரையைத் தடவி, குமிழி எழுகிறதா என்று பார்க்கின்றனர். ரப்பர்க் குழாயின்மேல் அச்சிட்ட ஆண்டைப் படித்து, காலம் கடந்திருந்தால் மாற்றச் சொல்கின்றனர். காற்றைவிட எடைமிகுந்த எரிவாயு தரையோரமாகத் தேங்கும் இயல்பினது என்பதால், காற்றோட்டமில்லாத ஒற்றையறை வீடுகளில் கதவின் அடியிடுக்கைத் துணியால் அடைத்துவைக்கும் வழக்கத்தை அவர்கள் கண்டிப்பதும் உண்டு.

மிக்ஸியில் முதலில் தேய்வது ஜாரின் அடியிலுள்ள புஷ். அது தேய்ந்தால் சட்னியின் நீர் கசிந்து, ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் வழியே உள்ளே இறங்கி, கடற்காற்றின் உப்போடு சேர்ந்து செம்புச் சுருளைப் பச்சையாக்குகிறது. ஜாரைக் கழுவிக் கவிழ்த்து உலர்த்துவதும், கப்ளரைச் சுற்றி வாரம் ஒருமுறை துடைப்பதும் மோட்டாரைப் பல ஆண்டுகள் காக்கின்றன. கிரைண்டரில் கல் தேய்ந்து வழுக்கினால் மாவு அரைபடாமல் சூடேறும். அப்போது அம்மி கொத்துவோரைத் தேடிப் பிடித்து உளியால் கொத்துவித்து, முதலில் சிறிது அரிசியை அரைத்து, கல்தூளோடு அதனைக் கொட்டிவிடும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. குளிர்சாதனப் பெட்டியைப் பொறுத்தவரை ஒரே எச்சரிக்கை போதும்: உறைபனியைக் கத்தியால் பெயர்த்தால் குழாய் துளைபட்டு வாயு வெளியேறும், பெரும்பாலும் பெட்டியே வீணாகும்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் கலந்து எர்ணாவூர், எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் புகுந்தபோது, இவ்வறிவு அனைத்தும் ஒரே வாரத்தில் தேவைப்பட்டது. சுவரில் எண்ணெய் ஏறிய உயரம் கறுப்புக் கோடாக நின்றது. எண்ணெய்ப் பிசின் படிந்து உப்புநீரில் நனைந்த கிரைண்டர்களையும் குளிர்சாதனப் பெட்டிகளையும் மின்னிணைப்பில் செருகிப் பார்க்கும் ஆவலைத் தடுப்பதே பழுதுபார்ப்போரின் முதற்பணியாக அமையும் நிலை அது. மோட்டாரைப் பிரித்து, நல்ல நீரால் உப்பைக் கழுவி, நாள்கணக்கில் வெயிலில் உலர்த்தி, தொடர்விளக்கு எனும் சீரிஸ் பல்பை இணைத்து மின்கசிவு உண்டா என்று பார்த்த பின்னரே ஒரு கருவியை மீட்க முடியும். உலராத சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது அன்றே எரிந்துபோகும். எண்ணெய் படிந்த ஆயத்த அலமாரிகளைக் குப்பையில் எறிய நேர்ந்தது. கடப்பா கல் அடுக்குகள் தேய்த்துக் கழுவப்பட்டு மீண்டும் பயன்பட்டன. அதன் பின் இப்பகுதியில் சமையலறை புதுப்பிப்போர் மின்செருகுவாய்களை மேடைக்கு மேலே உயர்த்தியும், குளிர்சாதனப் பெட்டிக்குச் செங்கல் திட்டு கட்டியும், 'எர்த்' எனும் நிலக்கம்பி இணைப்பைத் தவறாமல் கேட்டும் வேலை வாங்கினால் அது அச்சத்தால் விளைந்தது அன்று, அனுபவத்தால் விளைந்தது.

வேலை முடிந்த மாலையில் கொத்தனார் கூலியை வாங்குவதற்கு முன் ஒரு செயலைச் செய்கிறார். சித்தாள் குடத்திலிருந்து மொண்டு தரும் ஒரு சொம்பு நீரை அடுப்பு வைக்கும் மூலையில் மெல்ல ஊற்றிவிட்டு இருவரும் குனிந்து பார்க்கின்றனர். நீர் சற்றுத் தயங்கி, கல்லின் இணைப்பைத் தாண்டி, சுவரோரம் ஒதுங்காமல் தொட்டியின் வாயை நோக்கி நகர்கிறது. கடைசித் துளியும் உள்ளே இறங்கியதும் சித்தாள் சாக்குத்துணியால் மேடையைத் துடைக்கிறார்.