பாதிக் கோபுரமும் ஒரு ராணியின் கையும்

கோவாவுக்கு டூர் பிளான் போடாத ஃபைனல் இயர் கிளாஸ் எங்கேயாவது உண்டா? ஹெச்.ஓ.டி.யிடம் 'இண்டஸ்ட்ரியல் விசிட் சார்' என்று பர்மிஷன் வாங்கி, ரயிலில் விடிய விடிய அந்தாக்ஷரி பாடி, கலங்குட் பீச்சில் குதித்து, பாகாவில் டி-ஷர்ட்டுக்குப் பேரம் பேசி... மூன்றாம் நாள் காலையில்தான், 'வந்ததுக்கு ஒரு சர்ச்சையும் பார்த்துடலாம்டா' என்று பஸ் ஓல்டு கோவாவுக்குக் கிளம்பும். பாம் ஜீசஸ் பசிலிக்கா வாசலில் ஒரு குரூப் போட்டோ. உள்ளே புனித சவேரியாரின் வெள்ளிப் பேழையை அண்ணாந்து ஒரு பார்வை. அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிடுவார். அவ்வளவுதான் ஓல்டு கோவா!

இந்த முறை அந்த ஹாரனைக் கொஞ்சம் கண்டுக்காம விடுங்க. பசிலிக்காவுக்கு மேற்கே ஒரு ரோடு மேலே ஏறும். பத்து நிமிஷ நடை. 'மோன்த்தே சாந்தோ', அதாவது புனித மலை என்று பெயர். மலை என்றதும் ஏற்காடு ரேஞ்சுக்குக் கற்பனை பண்ணிடாதீங்க, சின்னக் குன்றுதான். ஆனால், அதன் உச்சியில் நிற்கிறதே ஒன்று... கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கணும்.

செம்புரைக் கல்லில் கட்டிய மணிக்கூண்டுக் கோபுரம். உயரம் 46 மீட்டர். கிட்டத்தட்ட பதினைந்து மாடி! கோபுரம் என்று சொல்வதுகூடத் தப்பு. பாதிக் கோபுரம். மேலிருந்து கீழாக யாரோ கத்தி வைத்து வெட்டி எடுத்துக்கொண்டு போன மாதிரி, மிச்சப் பாதி மட்டும் நிற்கிறது. அதன் காலடியில் கூரையே இல்லாத பிரமாண்டமான ஒரு சர்ச்சின் சுவர்கள். தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். பீடம் இருந்த இடத்தில் இப்போது வெயில் விழுகிறது.

இதுதான் புனித அகஸ்தீன் ஆலயம். 1602-ல் கட்டி முடித்தார்கள், அகஸ்தீனியன் சபைத் துறவிகள். பக்கத்திலேயே அவர்களின் பெரிய மடமும் இருந்தது. 1834-ல் போர்ச்சுகல் அரசு துறவற சபைகளை எல்லாம் கலைத்து உத்தரவு போட, அடுத்த வருஷமே இந்த இடம் அநாதையானது. கொள்ளைநோய்களால் ஊரும் காலியாகிக்கொண்டிருந்தது. பராமரிக்க ஆள் இல்லை, கோவா மழையோ சும்மா விடுமா? 1842-ல் கூரை வளைவு இடிந்து விழுந்தது. 1931-ல் முகப்போடு சேர்த்துக் கோபுரத்தில் பாதியும் போச்சு. இப்போது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1986-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்த கோவா தேவாலயங்களில் இதுவும் ஒன்று.

நான் போயிருந்தபோது ஒரு காலேஜ் கோஷ்டி வந்தது. "என்ன மச்சி, வெறும் குட்டிச்சுவரு!" என்று நாலு போட்டோவோடு இறங்கிப் போய்விட்டது. அவங்களைக் குறை சொல்ல முடியாது. அங்கே நடந்த மேட்டர் யாராவது சொன்னால்தானே தெரியும்?

அந்த மேட்டர் ஆரம்பிப்பது ஜார்ஜியாவில். அமெரிக்காவில் இருக்கிற ஜார்ஜியா இல்லீங்க, கருங்கடல் ஓரத்து நாடு. அங்கே ககேத்தி என்ற ராஜ்ஜியத்தின் ராணி, கெத்தேவான். மகன் தெய்முராஸின் நாட்டைக் காப்பாற்ற, பாரசீக மன்னர் ஷா அப்பாஸிடம் சமாதானம் பேசப் போனவர். போனவரைத் திருப்பி அனுப்பவில்லை. ஷிராஸ் நகரத்தில் வருஷக்கணக்கில் பிணைக்கைதி. மதம் மாறினால் விடுதலை என்றார்கள். மாட்டேன் என்றார். 1624-ல் பழுக்கக் காய்ச்சிய இடுக்கிகளால் சித்ரவதை செய்து கொன்றார்கள். அதை நேரில் பார்த்த அகஸ்தீனியன் துறவிகள் பிறகு ரகசியமாக அவர் உடல் எச்சங்களைத் தோண்டி எடுத்தார்கள். அதில் ஒரு பகுதி, வலது கை, 1627-ல் கடல் தாண்டி இந்தக் குன்றுக்கு வந்து சேர்ந்தது.

மடத்தின் உள்சிற்றாலயம் ஒன்றில், இரண்டாவது ஜன்னல் அருகே ஒரு கல்பெட்டிக்குள் வைத்திருப்பதாகப் போர்த்துக்கீசிய ஆவணம் சொன்னது. அட்ரஸ் பக்கா! ஆனால் சிற்றாலயமும் இல்லை, ஜன்னலும் இல்லை. எல்லாம் இடிபாட்டுக்குள். இல்லாத ஜன்னலைத் தேடணும். ஜார்ஜியாவிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். நம்ம தொல்லியல் துறைக்காரர்கள் பொறுமையாக அஸ்திவாரம் தேடி, எந்த அறை எங்கே இருந்தது என்று கண்டுபிடித்துத் தோண்டினார்கள். 2000-களின் நடுவில் கிடைத்தது ஒரு உடைந்த கை எலும்பு.

இது ராணியின் எலும்புதான் என்று எப்படிச் சொல்வது? எலும்பு ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்துக்குப் போனது. அங்கே மரபியல் விஞ்ஞானி குமாரசாமி தங்கராஜின் குழு, அதிலிருந்து மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தது. அம்மா வழியில் மட்டுமே வருகிற சமாசாரம் அது, பயோடெக் படிக்கிறவங்களுக்குத் தெரிந்திருக்கும். கிடைத்த வகையின் பெயர் யு1பி. இந்தியாவில் அப்படி ஒரு வகையே இல்லை. ஜார்ஜியாவிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிறது! ஆவணம், தோண்டிய இடம், டி.என்.ஏ. மூன்றும் ஒரே பக்கம் கை காட்ட, 'கெத்தேவானுடையதாக இருக்க வாய்ப்பு அதிகம்' என்று ஆய்வுக் கட்டுரை சொன்னது. 'அவரேதான்' என்று அடித்துச் சொல்லவில்லை, கவனிங்க. 2017-ல் அந்த எலும்பு ஜார்ஜியாவுக்குக் கடனாகப் போனது. 2021 ஜூலையில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், நிரந்தரமாகவே அதை ஒப்படைத்தார்.

'இவ்வளவு பெரிய சர்ச்சை இடிஞ்சே வெச்சிருக்காங்களே, அழகாத் திரும்பக் கட்டிடலாமே' என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஜே.சி.பி. வைத்து இடிபாட்டை அள்ளிக் கொட்டி, புது கிரானைட் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த எலும்பு எங்கேயோ ஒரு பள்ளத்தை நிரப்பியிருக்கும். எந்தக் கல் எங்கே விழுந்ததோ, அதுதான் அங்கே தடயம். அதனால்தான் அந்தச் சுவரில் காம்பஸ் முனையால் ஹார்ட்டின் வரைந்து இனிஷியல் கீறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சட்டத்துக்கும்தான். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை ஃபைன், அல்லது இரண்டுமே. உங்க ஆளுக்கு வேறு கிஃப்ட் வாங்கிக் கொடுங்க பாஸ்!

பனாஜியிலிருந்து 10 கிலோமீட்டர்தான், லோக்கல் பஸ் நிறைய உண்டு. மேலே நிழல் குறைவு, தண்ணி பாட்டில் மறக்காதீங்க. மழைக்காலத்தில் கல் வழுக்கும், ஹீல்ஸ் வேண்டாம். திரும்பி பனாஜி வந்ததும், மாடிப்படி மாதிரி வெள்ளைப் படிக்கட்டுகளோடு நிற்குமே, அந்த சர்ச்சைக் கண்டிப்பாகப் பார்ப்பீங்க. படியில் போஸ் கொடுத்து முடிந்ததும் உச்சியில் தொங்குகிற பெரிய மணியைப் பாருங்க. அது அந்தப் பாதிக் கோபுரத்து மணி. இடையில் முப்பது வருஷம் அகுவாடா கோட்டைக் கலங்கரை விளக்கத்தில் இருந்துவிட்டு, 1871-ல் இங்கே வந்தது. இன்னும் அடிக்கிறது.