ஆணி அறியாப் பெட்டி

எங்கள் இல்லத்தில் ஒரு பழைய கல்லாப்பெட்டி உண்டு. என் தாத்தா திருவேங்கடத்திற் பலசரக்குக் கடை நடத்திய நாளில் அவ்வூர் ஆசாரி ஒருவர் தேக்கு மரத்தால் அதனைச் செய்து கொடுத்தார். இரண்டு சாண் நீளமும் ஒன்றரைச் சாண் அகலமும் உடையது. அதன் மூடி முன்புறம் தாழ்ந்து பின்புறம் உயர்ந்து சாய்வாய் இருத்தலின், கடையிற் சம்மணமிட்டு இருப்பார்க்கு அதுவே கணக்கெழுதும் மேசையுமாம். மூடியின் நடுவே காசு போடுதற்கு ஒரு துவாரம். மூடியைத் திறந்தால் ஒரு தட்டு. அத்தட்டிற் கிண்ணம் கிண்ணமாகக் குடைந்த ஐந்து குழிகள். குழியின் அடி தட்டையாயிராது வளைந்திருப்பதன் பயனை யான் சிறுவனாயிருந்தபோதே கண்டுகொண்டேன். ஒரு விரலால் தள்ளிய அளவிலே காசு விளிம்பேறிக் கைக்கு வந்துவிடும். சதுரப் பெட்டியின் மூலையிற் கிடக்கும் நாணயத்தை நகத்தாற் கிளறிப் பார்த்தவர்க்கே இதன் அருமை தெரியும்.

பூட்டையும் கீல்களையும் ஒழித்தால் அப்பெட்டியில் உலோகம் என்பதே இல்லை. நான்கு மூலைகளிலும் பலகையின் விளிம்பைப் பற்களாக அறுத்து, இரு கைவிரல்களையும் கோத்தாற்போலக் கோத்திருக்கிறார். ஒவ்வொரு பல்லும் நுனியில் அகன்று அடியிற் குறுகியிருத்தலின், இழுக்க இழுக்க இறுகுமேயன்றிக் கழலாது. பின்பலகை மட்டும் வேறு விதம். இருபுறமும் காடி வெட்டி அதனுள் அப்பலகையைச் செருகிவிட்டிருந்தார், பசையுமில்லை, முளையுமில்லை. தட்டினாற் கடகடவென்று ஆடும். இத்துணைத் தேர்ந்த தச்சர் இதனை மட்டும் ஏன் தளர விட்டார் என்று யான் வியந்ததுண்டு. வியந்ததோடு நின்றிருக்கலாம்.

தாத்தா காலஞ்சென்றபின், 2020ஆம் ஆண்டில், நாங்கள் தென்காசிக்குக் குடிபெயர்ந்தோம். பெட்டியும் உடன் வந்தது. 2019 நவம்பர் 22 முதல் இரண்டு ஊர்களும் ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தனவாயினும், இரண்டிற்கும் வானம் ஒன்றன்று. திருவேங்கடம் சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே கரிசற் பூமியில் உள்ளது. ஆடி மாதத்தில் அங்கே பறப்பது புழுதி. தென்காசியோ ஆரியங்காவுக் கணவாய்க்கு எதிரே அமைந்தது. தென்மேற்குப் பருவக்காற்று அக்கணவாயின் வழியே நுழைந்து, ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்திற்கு அருவியையும் எங்கள் வீட்டுச் சுவருக்குப் பாசியையும் ஒருங்கே வழங்கும்.

2021ஆம் ஆண்டுச் சாரலிற் பெட்டியின் தட்டு அசையாது பிடித்துக்கொண்டது. கோடை வரத் தானே விட்டது. அதனையேனும் யான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். 2022 பங்குனியில் அப்பெட்டியின்மேல் நூலை வைத்துப் படிக்கும்போதெல்லாம் பின்பலகை ஆடி ஒலித்தது. தேர்வுக் காலம், எனக்குச் சினம் மூண்டது. ஓர் அங்குல ஆணி நான்கு வாங்கிவந்து, பலகையின் வலப்புறம் இரண்டும் இடப்புறம் இரண்டுமாக அறைந்தேன். ஆட்டம் நின்றது. யானும் ஒரு தச்சன் எனப் பெருமிதங் கொண்டேன்.

அவ்வாண்டுச் சாரலிற் பலகை வில்போற் புறம் வளைந்தது. மறு கோடையில், இருபுறத்து ஆணிகளுக்கும் நடுவே, மேலிருந்து கீழாகப் பிளந்தது. பெட்டியைச் சுவரோடு சேர்த்துத் தள்ளி வைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை, யானும் சொல்லவில்லை.

பிளந்ததன் காரணத்தைப் பின்னரே கற்றேன். மரம் வெட்டுண்டபின்னும் காற்றின் ஈரத்தை ஏற்பதும் விடுவதுமாகவே இருக்கும். ஈரம் ஏறினால் அகலும், இறங்கினாற் சுருங்கும். அகல்வதும் எல்லாப் புறமும் ஒத்ததன்று. நார் ஓடும் நீளவாக்கில் மாறுதல் இல்லையென்றே சொல்லலாம்; நாருக்குக் குறுக்கேதான் எல்லாம் நிகழும். பச்சைத் தேக்கு முற்றக் காயுங்கால், ஆண்டு வளையத்தின் போக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கும், வளையத்தைக் குறுக்கிடும் போக்கில் அதிற் பாதியளவும் சுருங்கும். மரங்களுள் இது மிகக் குறைவு. தேக்கு பெட்டிக்கு உகந்ததாவது ஒருபுறம் இதனாலே. ஆயினும் குறைவு என்பது இன்மையாகாது. அகல விரும்பிய பலகையை யான் இருபுறமும் அறைந்து வைத்தேன், அது வளைந்தது. வளைந்து நசுங்கியது மீண்டும் சுருங்கும்போது ஆணிகள் விடவில்லை, கிழிந்தது. தாத்தாவின் ஆசாரி விட்டுவைத்த தளர்ச்சி மழைக்கும் வெயிலுக்கும் விட்ட இடம்.

பெட்டியென்னும் பொருளில் எங்கள் ஆச்சிக்கு முன் யான் வாய்திறக்கத் தகுந்தவனல்லன். அவர் தம் கையாலே பல்லாயிரம் மரப்பெட்டிகள் செய்தவர். எல்லாம் தீப்பெட்டிகள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இற் கல்கத்தா சென்று அத்தொழிலைக் கற்று மீண்டு, 1923இற் சிவகாசியில் தொடங்கினர். மழை குறைந்த அவ்வட்டாரத்திற் சாத்தூர், கோவிற்பட்டி எனப் பரவித் திருவேங்கடத்து வீட்டுத் திண்ணைகளுக்கும் அது வந்து சேர்ந்தது. அக்காலத்துத் தீப்பெட்டி அட்டையன்று, மரம். இலவு போன்ற மென்மரத்தின் உருளையைச் சுழலவிட்டு, அகன்ற கத்தியாற் சுருள் சுருளாகச் சீவி, ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்த தகடாக்குவர். மடியவேண்டிய இடந்தோறும் அத்தகட்டிற் கோடு பதித்திருக்கும். அக்கோட்டில் மடித்தால் மரம் ஒடியாது மடியும். அதன்மேல் நீலத்தாளை மைதாப் பசையால் ஒட்டினால் மேல்பெட்டியும் அடிப்பெட்டியும் ஆயின. ஒன்று மற்றொன்றினுள் வழுக்கி ஓடும். கீல் வேண்டா, பூட்டு வேண்டா, ஆணி வேண்டா. இதனினும் சிக்கனமான மரப்பெட்டியை உலகம் கண்டதோ என ஐயுறுகிறேன்.

144 பெட்டி கொண்டது ஒரு குரோசு. குரோசுக் கணக்கிலேயே கூலி. ஆச்சியின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது இப்பெட்டிகளாலே. 1986ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டித் தொழிலினின்று சிறுவரை விலக்கியபோது அவர் முப்பது வயதைக் கடந்துவிட்டார். மாரிக்காலத்திற் பசை காயாது பெட்டி கோணிக்கொள்ளும் என்றும், கோணியதைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள் என்றும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஈரம் மரத்தை என் செய்யும் என்பதை யான் நூலிற் கற்குமுன் அவர் கூலியிற் கற்றிருந்தார்.

சப்பானியர் பட்டாடை வைக்கும் பேழைகளைக் கிரி என்னும் மிக இலேசான மரத்தாற் செய்வர். ஈரக்காலத்தில் அம்மரம் சற்றே அகன்று இடுக்குகளைத் தானே அடைத்துக்கொள்ளும், ஈரம் உட்புகாது. அதன் இழுப்பறை ஒன்றை மூடினால், உள்ளிருந்த காற்று தள்ள, மற்றோர் அறை மெல்லத் திறக்குமாம். அத்துணைச் செவ்வையான பொருத்தம். நம் வேதாகமத்தில் யாத்திராகமம் உடன்படிக்கைப் பெட்டிக்குச் சீத்திம் மரத்தை விதித்து, நீளம் இரண்டரை முழம், அகலம் ஒன்றரை, உயரம் ஒன்றரை என அளவும் கூறுகிறது. தூக்கும் தண்டுகளை வளையங்களினின்று கழற்றலாகாது என்றும் கட்டளை உண்டு. மூலையைக் கோக்கும் வகை மட்டும் சொல்லப்படவில்லை. பெசலெயேல் அறிவான் என விட்டார் போலும்.

இனி என் கதைக்கு மீள்வேன். 2023 மே 19இல் ரிசர்வ் வங்கி 2000 ரூபாய்த் தாள்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. மறுநாட் காலையில் ஆச்சி என்னை அழைத்து, “ஐயா, அந்தப் பெட்டியைக் கொண்டுவா. என் பெட்டிக்கு வைத்த பணம் உன் தாத்தா பெட்டியில் இருக்கிறது” என்றார்.

அவர் ‘என் பெட்டி’ என்றது தம்மை அடக்கஞ்செய்தற்குரிய பெட்டியை. அச்செலவை மகன்மேல் வைக்கலாகாது என்று பல ஆண்டுகளாகச் சேர்த்திருக்கிறார். அப்பணம் இருந்த இடத்தை அன்றுதான் யான் அறிந்தேன். பின்பலகைக்கும் உட்சுவருக்கும் நடுவே இரண்டு விரற்கடை அகலத்தில் ஓர் அறை. வெளியிலிருந்து பார்ப்பார்க்குப் பலகையின் கனமென்றே தோன்றும். காசுத் தட்டின் பின்விளிம்பு பலகையின் தலைமேல் அமர்ந்து அதனைத் தடுத்திருக்கும்; தட்டை எடுத்துவிட்டாற் பலகை காடிவழியே மேலேறும். அந்தத் தளர்ச்சிக்கு இரண்டாவதொரு காரணமும் இருந்தது: அது கதவு.

ஆச்சி தட்டை எடுத்து வைத்துவிட்டுப் பலகையைத் தூக்கினார். வரவில்லை. மீண்டும் தூக்கினார். பின் கையாற் பின்புறத்தைத் தடவினார். பிளவிலும் ஆணித் தலைகளிலும் அவர் விரல்கள் நின்றதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் இயலவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

நெடுநேரம் பேசாதிருந்து, “எத்தனை ஆணி?” என்றார்.

“நான்கு, ஆச்சி.”

“நாலுக்கும் என்ன விலை கொடுத்தாய்?”

கடைக்காரர் மனைவி வேறென்ன கேட்பார்? அதற்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை.

ஓர் ஆசாரியை அழைத்து வந்தோம். அவர் குறட்டாற் பிடுங்கிய ஆணிகளைச் சுற்றித் தேக்கிற் கரிய கறை படிந்திருந்தது. உள்ளே ஆறு தாள்கள், 12,000 ரூபாய், இருந்தன. அப்பா அவற்றை வங்கியில் மாற்றி வந்தார். பலகையைச் செப்பனிடுமாறு வேண்டியபோது, “சாரல் தொடங்கப் போகிறது தம்பி, இப்போது அளவு பொய் சொல்லும்” என்று ஆசாரி போய்விட்டார். 2024 பங்குனியில் வந்து, பிளவில் மெல்லிய சிம்பு வைத்து ஒட்டி இழைத்து, காடியில் இருபுறமும் ஒரு நெல் நுழையும் இடம் விட்டுப் பலகையைச் செருகினார். ஆணித்துளைகளை அடைக்கட்டுமா என்று அவர் கேட்டதற்கு ஆச்சி வேண்டா என்றார். பலகை முன்போலவே ஆடுகிறது.

பணம் இப்போது 500 ரூபாய்த் தாள்களாக அதே அறையில் இருக்கிறது. வங்கியிலேயே போட்டு வைக்கலாமே என்று அப்பா சொன்னார்.

“ஞாயிற்றுக்கிழமை வங்கி திறக்குமா?” என்று ஆச்சி கேட்டார்.