கல்கத்தா ஈரமும் அம்மாவின் உப்புக்கண்டமும்

நம்ம ஊர்ல வத்தல் போட மூணே மூணு விஷயம் போதும். சித்திரை வெயில், மொட்டை மாடி, காக்கா விரட்ட ஒரு வாண்டு. கல்கத்தாவில் மூணுமே தகராறு. வெயில் என்னவோ மண்டையைப் பிளக்கும், ஆனா காத்து முழுக்க ஈரம். துவைச்ச வேட்டியே சாயங்காலம் வரைக்கும் நமநமன்னு இருக்கும்போது வத்தல் எங்கே காயறது? மொட்டை மாடிச் சாவி குடியிருப்பு செக்ரெட்டரி கையில். வாண்டுகள் டியூஷனில் :-)

லேக் மார்க்கெட் பக்கம் போனா அப்பளம், வடாம், மோர்மிளகாய் எல்லாம் கிடைக்கும். பல தலைமுறையா நம்ம ஆட்கள் இருக்கிற பகுதி. அப்புறம் எதுக்கு ஒரு மிஷினை வாங்கி வீட்டில் வச்சிருக்கேன்னு கேட்பீங்க. தங்கமணியும் அதையேதான் கேட்டாங்க. காரணம், அம்மா.

அம்மா விருதுநகர் பக்கத்திலிருந்து எங்களோட வந்து தங்கின பிறகு ரத்த அழுத்தம் ஏறிப் போச்சு. டாக்டர் மாத்திரையை எழுதிட்டு, உப்பைக் குறைக்கச் சொல்லிட்டார். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு இருக்கணும்ங்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட அளவு. ஊறுகாய், கருவாடு, வத்தல், உப்புக்கண்டம் எல்லாத்துக்கும் தடா. விளைவு? அம்மா சாப்பிடறதையே குறைச்சுட்டாங்க. "தொட்டுக்க ஒண்ணும் இல்லாம கஞ்சி எப்படிய்யா எறங்கும்?"னு பாதித் தட்டோட எழுந்துடுவாங்க. ரெண்டு மாசத்தில் மூணு கிலோ குறைஞ்சது. உப்பு ஒரு பக்கம் பயமுறுத்துது, பட்டினி இன்னொரு பக்கம்.

அப்போதான் உட்கார்ந்து யோசிச்சேன். வத்தலுக்கும் உப்புக்கண்டத்துக்கும் ஏன் இவ்வளவு உப்பு போடறோம்? ருசிக்கு மட்டும் இல்லை. வெயிலில் காய நாலஞ்சு நாள் ஆகும். ராத்திரி காயாது, மேகம் வந்தா காயாது. அந்த இடைவெளியில் கெட்டுப் போகாம காவல் காக்கிறது உப்புதான். காய்ச்சலை ஒரே நாளில் முடிச்சுட்டா காவல்காரனுக்குச் சம்பளத்தைக் குறைக்கலாம் இல்லையா?

மிஷின் பெரிய விஞ்ஞானம் எல்லாம் இல்லை. டீஹைட்ரேட்டர்னு பேர். ஒரு பெட்டி, ஒரு ஹீட்டர், ஒரு ஃபேன், அஞ்சாறு ஜல்லடைத் தட்டு. அம்புட்டுதான். மழைக்காலத்தில் எப்படி வேலை செய்யும்னு முதலில் எனக்கும் சந்தேகம். கணக்கு போட்டுப் பார்த்தா புரிஞ்சது. 30 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் இருக்கிற காத்தை அப்படியே 60 டிகிரிக்கு சூடு பண்ணினா அதோட ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிடும். காத்தில் இருக்கிற தண்ணி குறையலை, காத்தோட கொள்ளளவு கூடிப் போச்சு. அதாவது பெட்டிக்குள்ளே மட்டும் ஒரு விருதுநகர் :-)

கரண்ட்? 400 வாட் மிஷின் பத்து மணி நேரம் நிக்காம ஓடினாலும் 4 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய்னு வச்சாலும் 32 ரூபாய்.

முதலில் வத்தல். பாகற்காய் இங்கே நல்லாவே கிடைக்குது, சின்னதை 'உச்சே'ன்னு சொல்றாங்க. வட்டமா நறுக்கி, மோரில் ராத்திரி ஊறவச்சு, வடிச்சு, 55 டிகிரியில் போட்டா எட்டிலிருந்து பத்து மணி நேரத்தில் கலகலன்னு ஆயிடும். சீக்கிரம் ஆகட்டும்னு சூட்டை ஏத்தக் கூடாது. மேல்தோல் இறுகிப் போய் உள்ளே ஈரம் மாட்டிக்கும், பத்து நாளில் பூஞ்சை பூத்துடும். காய்ஞ்சதை ஆறவிட்டு பாட்டிலில் முக்கால் அளவுக்குக் கொஞ்சம் குறைவா நிரப்பி, ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்க. பாட்டில் உள்பக்கம் வேர்த்தா மறுபடி தட்டுக்குப் போகணும். மோர்மிளகாய் போடறதா இருந்தா மிஷினை ஜன்னலோரம் வைங்க. இல்லைன்னா வீடே தும்மும்.

அடுத்தது உப்புக்கண்டம். இங்கேதான் அம்மாவோட பஞ்சாயத்து. எலும்பில்லாத ஆட்டுக்கறியை நீளவாக்கில் சீவி, மஞ்சளும் உப்பும் தடவி, நூலில் மாலை மாதிரி கோர்த்துக் கொடியில் தொங்கவிடறது அம்மா வழி. நான், காயவைக்கிறதுக்கு முன்னாடி கறியை ஆவியில் வேகவைக்கணும்னு சொன்னேன்.

"ஏய்யா, கறியை அவிச்சுப்புட்டுக் காயவச்சா அதுக்குப் பேரு உப்புக்கண்டமா? இத்தன வருசம் எங்க கையால தின்ன நீங்கள்லாம் செத்தா போனீங்க?"

பதில் சொல்ல முடியாத கேள்விதான். ஆனா விஷயம் இருக்கு. 1995ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் வீட்டில் காயவைச்ச மான்கறியால் 11 பேருக்கு ஈ.கோலைக் கிருமித் தொற்று வந்தது. மிஷினில் 60 டிகிரின்னு காட்டினாலும் கறி அந்தச் சூட்டில் இருக்காது. ஈரம் ஆவியாகும்போது கறியைக் குளிர வச்சுக்கிட்டே இருக்கும், மண்பானைத் தண்ணி மாதிரி. கறி முழுசா சூடாகிறதுக்குள்ளே கிருமியும் வறண்டு போகும், வறண்ட கிருமி சூட்டை இன்னும் நல்லாத் தாங்கும். அதனால்தான் அமெரிக்க வேளாண் துறை, காயவைக்கும் முன்பே ஆட்டுக்கறி, மாட்டுக்கறியை 71 டிகிரிக்கும், கோழியை 74 டிகிரிக்கும் சூடாக்கச் சொல்லுது. அவங்க ஊர் ஜெர்க்கியும் நம்ம உப்புக்கண்டமும் ஒண்ணுவிட்ட சகோதரங்கதான். அந்த 'ஜெர்க்கி'ங்கிற வார்த்தையே தென் அமெரிக்க கெச்சுவா மொழியோட 'சார்க்கி'யிலிருந்து வந்தது.

மேலும் அம்மா போட்ட உப்பு அளவு வேற, நாங்க குறைக்கிற அளவு வேற. காவலைக் குறைச்சா பூட்டை மாத்தணும். இதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் அவங்களே எழுந்து போய் இட்லிப் பானையை எடுத்து அடுப்பில் வச்சாங்க.

இப்போ எங்க வீட்டு முறை இது. கறியைப் பாதி உறையவச்சுக்கிட்டா கால் அங்குல கனத்துக்கு மேல போகாம சீவ வரும். கொழுப்பை முழுசா எடுத்துடணும், அதுதான் முதலில் சிக்கு வாடை அடிக்கும். இட்லிப் பானையில் ஆவியில் வச்சு, தெர்மாமீட்டர் குத்தி 71 டிகிரி வந்ததும் எடுத்து, அப்புறம் உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், பூண்டு தடவி, தட்டில் இடைவெளி விட்டு அடுக்கணும். 65 டிகிரியில் ஆறேழு மணி நேரம். வளைச்சா விரிசல் விடணும், ஆனா ஒடியக் கூடாது. அதுதான் பதம். ஆறினதும் ஃப்ரிட்ஜ். ரெண்டு வாரத்துக்கு மேல வைக்கணும்னா ஃப்ரீசர்.

இனி நம்ம தொழில் புத்தி. ஒரு கிலோ கறி காய்ஞ்சா சுமார் 350 கிராம் நிக்குது. அம்மா பழைய கணக்குப்படி கிலோவுக்கு 60 கிராம் உப்பு. அப்படின்னா 20 கிராம் துண்டில் கிட்டத்தட்ட 3.4 கிராம் உப்பு. நாள் ஒதுக்கீட்டில் மூணில் ரெண்டு பங்கு ஒரே துண்டில் காலி! இப்போ கிலோவுக்கு 20 கிராம்தான் போடறோம். அதே துண்டில் 1.1 கிராம். இந்தத் தாளை டாக்டரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏத்திப் பார்த்துட்டு, வாரத்துக்கு ரெண்டு நாள், நாளைக்கு ஒரு துண்டு, அன்னைக்கு ஊறுகாயோ அப்பளமோ கிடையாதுன்னு அனுமதி கொடுத்தார். லோன் சாங்ஷன் ஆன மாதிரி நிபந்தனைகளோட :-)

பசங்களுக்கும் இதில் பங்கு உண்டு. அன்னாசி வட்டம், எலுமிச்சைச் சாறில் நனைச்ச வாழைப்பழ வில்லை, ஆப்பிள். சர்க்கரை சேர்க்கிறதே இல்லை. ஆனா ஒண்ணு கவனிக்கணும். தண்ணிதான் போகுது, பழத்தோட சர்க்கரை அங்கேயேதான் இருக்கு. ஒரு கைப்பிடி வில்லைன்னா மூணு பழம் உள்ளே போச்சுன்னு அர்த்தம்.

எதிர்பாராத வரவு ஒண்ணும் இருக்கு. எதிர் வீட்டு மாஷிமா குளிர்காலத்தில் 'பொரி' போடுவாங்க. நம்ம பொரி இல்லை, உளுந்தரைச்சுச் சின்னச் சின்னதா கிள்ளி வச்சுக் காயவைக்கிறது. நீர்ப்பூசணியைத் துருவிச் சேர்க்கிறதும் உண்டு. நம்ம பூசணி வடாமேதான்! மேதினிப்பூர் பக்கம் கசகசா பரப்பி அது மேல நகை டிசைனில் பிழியறாங்களாம். நாம சித்திரையில் போடறதை இவங்க ஏன் மார்கழியில் போடறாங்கன்னா, வங்காளத்தில் காத்து வறண்டு இருக்கிறது அப்போதான். இந்த மழைக்காலத்தில் மாஷிமா மாவோட எங்க வீட்டுக்கே வந்துட்டாங்க. அம்மாவுக்கு வங்காளி தெரியாது, அவங்களுக்குத் தமிழ் தெரியாது. மாவை விரலில் தொட்டுப் பதம் பார்த்து ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினாங்க.

வெயிலில் காய்ஞ்ச வாசம் மிஷினில் வராது. அம்மா அதை ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் செய்யறாங்க. சொல்லிட்டு, தட்டை மாத்தி அடுக்கறதும் அவங்கதான். குறைஞ்ச மூணு கிலோவில் ரெண்டு திரும்பி வந்திருக்கு. மாத்திரை அளவு கூடலை.

டிஸ்கி: உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ இருந்தா என் கணக்கை நம்பாதீங்க. உங்க டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுட்டு இட்லிப் பானையை அடுப்பில் ஏத்துங்க.