நைனா ஓட்டின டிராக்டர்

கரும்பு வெட்டு ஆரம்பிச்சாச்சு.
டிராக்டர் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது.

டீசல் லைன்ல காத்து.
ஃபில்டர் மேல இருக்கிற ஸ்க்ரூவை லூஸ் பண்ணி, ஃபீட் பம்ப் லீவரைக் கையால அடிச்சா நுரை நுரையா வரும். நுரை நின்னு வெறும் டீசல் வந்ததும் டைட் பண்ணணும்.
பண்ணினேன். ஓடுச்சு.
விடிஞ்சா மறுபடி அதே கதை.

டீசல் கசிஞ்சா ஈரம் காட்டிக் கொடுக்கும். காத்து உள்ள போறது கண்ணுக்கே தெரியாது. அதுதான் கொடுமை.
காப்பர் வாஷர் மாத்தியாச்சு, ஓஸ் மாத்தியாச்சு. கடைசில பார்த்தா பம்ப்புக்குள்ள டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு. உள்ளங்கை அகல ரப்பர்!

"இந்த மாடலுக்கு அது தனியா வர்றதில்லண்ணா, பம்ப்பையே மாத்திடுங்க"ன்னாரு சித்தூர் கடைக்காரர்.
வயிறு எரியுது. நல்லா இருக்கிற பம்ப்பை எதுக்குத் தூக்கிப் போடணும்?

புது வண்டி வாங்கச் சொல்றாங்க. சித்தூர் கூட்டுறவு சர்க்கரை ஆலை மூடினப்புறம் வெல்லக் கொட்டகையை நம்பித்தான் எங்க கரும்பு. அதுல எங்க இருந்து தவணை கட்டுறது?
நைனா ஓட்டின வண்டி. இன்ஜின் இன்னும் கல்லு மாதிரி இருக்கு. விக்க மாட்டேன்.

வீட்லயே வண்டி ரிப்பேர் பார்க்கிறவங்களுக்கு ஒண்ணு: இன்ஜெக்டர் பைப் கசிவை விரலால தடவிப் பார்க்காதீங்க. அந்த அழுத்தத்துல டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும். அட்டையைக் காட்டிப் பாருங்க.

சித்தூர், வேலூர் பக்கம் பழைய மாடலுக்கு டயாஃப்ரம் கிட் வச்சிருக்கிற கடை தெரிஞ்சா சொல்லுங்க. இன்னைக்கே கிளம்பி வர்றேன்.