வடலூரில் எந்தப் படத்தை வாங்குவது?

வடலூர் சத்திய ஞான சபைக்குப் போகிறவர்கள், திரும்பும்போது வீட்டுக்கு ஒரு வள்ளலார் படம் வாங்கிவருவது வழக்கம். கடை முன்னால் நின்றால்தான் குழப்பம் தெரியும். ஒரு படத்தில் கைகட்டி நிற்கிறார். இன்னொன்றில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒன்றில் நெற்றி நிறையத் திருநீறு, பக்கத்திலேயே வெறும் நெற்றியோடு ஒன்று. சிலவற்றில் பூசினாற்போன்ற சிவந்த முகம், சிலவற்றில் ஒட்டிய கன்னம். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது அந்த வெள்ளை ஆடை மட்டும்தான்.

"எது வேணும் தம்பி, திருநீறு வச்சதா, வைக்காததா?" என்றார் கடைக்கார அம்மா.

"எதும்மா நிஜமா அவர் மாதிரி இருக்கும்?"

"அவரை யாருப்பா பார்த்தா?" என்று சிரித்தார்.

விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். வள்ளலாருக்குப் புகைப்படமே கிடையாது. கடையில் இருப்பதெல்லாம் ஓவியர்கள் வரைந்த முகங்கள்.

அவர் காலத்தில் கேமரா வராமல் இல்லை. சிதம்பரம் பக்கத்து மருதூரில் 1823-ல் பிறந்தவர், 1874 ஜனவரி 30 அன்று வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். சென்னையில் 1856-லேயே புகைப்படச் சங்கம் தொடங்கப்பட்டுவிட்டது. அவரைப் படம் பிடிக்கும் முயற்சியும் நடந்ததாகச் சொல்கிறார்கள். சென்னையிலிருந்து வந்த மாசிலாமணி முதலியார் எட்டு முறை படம் எடுத்தாராம். எட்டிலும் வெள்ளை ஆடை மட்டும் விழுந்தது, உருவம் விழவில்லை. அவர் தேகம் ஒளியாகிவிட்டதற்கு இதுவே சாட்சி என்பது அன்பர்களின் நம்பிக்கை.

அந்தக் காலப் புகைப்பட முறையையும் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவ வேண்டும். அந்தத் தகடு நீல ஒளியை நன்றாகப் பிடிக்கும். சிவப்பும் பழுப்பும் அதற்கு இருட்டுபோலத்தான். அதனால் மாநிறத் தோல் கறுத்துப்போகும், வெள்ளைத் துணி பளீரென்று விழும். ஆனால், அதே முறையில் எத்தனையோ தமிழர்களின் முகங்கள் தெளிவாகப் பதிவாகியும் இருக்கின்றன. எட்டு முறையும் ஏன் அப்படி ஆனது என்பதை உங்கள் மனசுக்கே விட்டுவிடலாம்.

பண்ருட்டிக் குயவர் ஒருவர் அவரைப் போலவே மண்ணில் சிலை செய்துகொண்டு வந்ததாகவும் ஒரு செய்தி உண்டு. பொன்னான மேனி மண்ணாகிவிட்டதே என்று சொல்லி, வள்ளலார் அதைக் கீழே போட்டுவிட்டாராம். ஞான சபையிலும் அவர் சிலை வைக்கவில்லை. 1872 ஜனவரி 25 அன்று தைப்பூசத்தில் தொடங்கிய எண்கோண வடிவச் சபை அது. ஏழு வண்ணத் திரைகள் விலகினால் நீங்கள் பார்ப்பது ஜோதியைத்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டில் ஒரு முகத்தைப் பார்த்துக் கும்பிட ஆசைப்படுகிறோம், அதில் தப்பில்லை. அப்படியானால் எந்த முகம்?

இதற்கு அவரை நேரில் பார்த்தவரின் சாட்சி ஒன்று இருக்கிறது. அவருடைய முதன்மைச் சீடரும், திருவருட்பா 1867-ல் அச்சேறக் காரணமானவருமான தொழுவூர் வேலாயுத முதலியார், 1882-ல் பிரம்ம ஞான சபையாரிடம் அடையாளம் சொல்லியிருக்கிறார். ஓரளவு உயரம். எலும்புக்கூடு போலத் தெரியும் அளவுக்கு மெலிந்த உடம்பு, ஆனாலும் பலசாலி. நிமிர்ந்த, வேகமான நடை. தெளிந்த மாநிறம், நேரான மெல்லிய மூக்கு, கனல் வீசும் பெரிய கண்கள். கடைசி நாள்களில் முடியை நீளமாக வளர விட்டிருந்தார். துறவிகளிடம் பார்க்க முடியாத பழக்கமாக, காலில் செருப்பு. உடுத்தியது இரண்டே வெள்ளைத் துணி. முகத்தில் எப்போதும் ஒரு துயரம்.

அந்தக் கடைசி அடையாளத்தை மனதில் வைத்துக்கொண்டு கடையைப் பாருங்கள். சிவந்த, புஷ்டியான, புன்னகைக்கும் படங்கள் பலவும் விலகிவிடும். திருநீறு விஷயம் அவ்வளவு சுலபமில்லை. சென்னை நாள்களில் கந்தகோட்டத்து முருகனையும் திருவொற்றியூர் ஈசனையும் உருகிப் பாடியவர் அவர். 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றிப் பேசியபோது சமயம், சாதி எதிலும் பற்று வைக்க வேண்டாம் என்றவரும் அவரே. நீறு பூசிய நெற்றியும் வெறும் நெற்றியும் ஒரே வாழ்க்கையின் இரண்டு கட்டங்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எது உங்கள் வள்ளலார் என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு.

ஆனால் அந்தத் துயரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பயிர் வாடினால்கூடத் தாங்காத மனசு அது. அடுத்தவர் பசியைப் பார்த்த முகம் வேறு எப்படி இருக்கும்? 1867 மே 23 அன்று அவர் தொடங்கிய தர்மசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி, மதம் கேட்காமல் இலை போடுகிறார்கள்.

வடலூர் போனால் முதலில் அங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள். எதிர் வரிசையில் பசியோடு வந்து உட்காருகிறவரையும் கொஞ்ச நேரம் பாருங்கள். அதற்கப்புறம் கடைக்குப் போனால், எந்தப் படத்தை எடுப்பது என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.